பெட்டி யாருக்கு?
வீட்டிலேயே கீபோர்டு பழக ஆரம்பிப்பது எப்படி



திருவண்ணாமலை தேரடி வீதிப் பக்கம் பூ கட்டி விற்கும் உறுப்பினர் ஒருவர், குழுக் கூட்டத்தில் பத்தாயிரம் ரூபாய் உள்கடன் கேட்டார். எதற்கு என்று கேட்டதற்கு, "பாப்பாவுக்கு கீபோர்டு வாங்கணும்" என்றார். கூட்டம் சிரித்துவிட்டது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் காதுகுத்துக்கும் கடன் கொடுத்துப் பழகிய குழு அது. "பாட்டுப் பெட்டிக்கெல்லாமா கடன்?" என்று ஒரு அக்கா கேட்க, தீர்மான நோட்டு எழுதிக்கொண்டிருந்த ஊக்குநர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

நாங்களும் அங்கேதான் உட்கார்ந்திருந்தோம். கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும்போது அவர் எங்களிடம் மட்டும் சொன்னார்: "பாப்பாவுக்கு இல்லீங்க மேடம், எனக்குத்தான். சொன்னா சிரிப்பாங்கன்னு மாத்திச் சொன்னேன். அப்பவும் சிரிச்சிட்டாங்க."

அவருடைய தாத்தா தெருக்கூத்தில் ஆர்மோனியம் வாசித்தவர். நம்ம மாவட்டத்துக்கு இது புதுசு இல்லை. செய்யாறு பக்கம் புரிசை கிராமம் கூத்துக்கே பேர் போனது. புரிசை கண்ணப்பத் தம்பிரான் பெயரைக் கேள்விப்படாதவர் குறைவு. ஆனால் தாத்தா வீட்டில் அண்ணன் தம்பிகள் பெட்டியைத் தொடலாம், இவர் தொட்டால் அடி விழும். 41 வயதில் அந்த ஆசை திரும்ப வந்திருக்கிறது.

அடுத்த கூட்டத்தில் அவரே எழுந்து உண்மையைச் சொன்னார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை, ஆனால் விவாதம் பலமாக நடந்தது. "ஏ.ஆர். ரகுமான் அம்மா கீபோர்டு வாடகைக்கு விட்டுத்தானே புள்ளைங்களை வளர்த்தாங்க" என்று ஒருவர் சொன்னார். அது உண்மைதான். ரகுமானின் தந்தை ஆர்.கே. சேகர் 1976-ல் இறந்த பிறகு, தாயார் கரீமா பேகம் கணவர் விட்டுப்போன இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பத்தை ஓட்டினார். ஆனால் நாங்கள் குறுக்கே பேச வேண்டியிருந்தது. அது சினிமாக் கம்பெனிகள் இருக்கிற சென்னை. இங்கே ஒரு கீபோர்டு வாங்கினால் மாசாமாசம் வருமானம் வரும் என்று கணக்குப் போட்டுக் கடன் வாங்காதீர்கள். ஆடு குட்டி போடும், கீபோர்டு போடாது. இது ஆசைக்காக வாங்கும் பொருள். அப்படியே சொல்லி, திருப்பிக் கட்டும் வழியையும் சொல்லிக் கேட்டால் தப்பே இல்லை.

குழு முடிவு இப்படி வந்தது: பாதிப் பணம் அவர் சேர்க்க வேண்டும், பாதி உள்கடன். நாலு பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் பூ விற்ற காசை அவர் தனியாக எடுத்து வைத்தார். மீதி 5,000 ரூபாய் கடன், மாதம் 500 வீதம் பத்துத் தவணை, வட்டி தனி.

இனி பெட்டியைப் பற்றிப் பேசுவோம்.

கடைக்குப் போனால் சின்னப் பெட்டியைத்தான் முதலில் காட்டுவார்கள். கட்டைகள் ஒல்லியாக, 32 அல்லது 37 இருக்கும். அது விளையாட்டுச் சாமான். விரல் ஒழுங்காக உட்காராது. வாங்குவதென்றால் 61 கட்டை உள்ளதாக வாங்குங்கள். 36 வெள்ளை, 25 கறுப்பு இருக்கும். ஆரம்பத்துக்கு ஏற்ற 61 கட்டைப் பெட்டி பத்தாயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கிறது. யமஹா கம்பெனி 2019-லிருந்து சென்னைக்குப் பக்கத்திலேயே கீபோர்டு தயாரிக்கிறது. காசியோவும் பரவலாகக் கிடைக்கும். ஐநூறு சத்தம், இருநூறு தாளம் என்று கடைக்காரர் அடுக்கினால் மயங்காதீர்கள். முதல் வருஷத்தில் நமக்கு வேண்டியது ஒரே ஒரு சத்தம்தான். பழைய பெட்டி வாங்கினால் 61 கட்டையையும் ஒவ்வொன்றாக அமுக்கிப் பாருங்கள். கடைக்காரர் முகத்தைச் சுளித்தாலும் பரவாயில்லை.

அடாப்டர் விஷயத்தில் எங்கள் அனுபவத்தைச் சொல்லியாக வேண்டும். மாலை நேரப் பிள்ளைகள் மையத்துக்கு நன்கொடையாக வந்த கீபோர்டில், முனை சரியாகப் பொருந்துகிறதே என்று வேறொரு அடாப்டரை நாங்களே செருகினோம். பெட்டி அன்றே போய்விட்டது. சில கீபோர்டுக்கு 12 வோல்ட், சிலதுக்கு 9.5 வோல்ட். பின்பக்கம் எழுதியிருக்கும், அதைப் படித்துவிட்டுச் செருகுங்கள். கரண்ட் இல்லாத நேரத்துக்கு, பல பெட்டிகளில் ஆறு பென்சில் பேட்டரி போடலாம். அடுப்புப் புகை படாத இடத்தில் வைத்து, பழைய பருத்திச் சேலைத் துணியால் மூடுங்கள். தூசியும் எறும்பும்தான் இதற்கு எதிரி. ஒற்றை அறை வீடு என்றால் ஹெட்போன் ஒன்று அவசியம். ராத்திரி பத்து மணிக்கு வாசித்தாலும் பக்கத்து வீட்டாருக்குக் கேட்காது.

பெட்டி வந்தாச்சு, எதை அமுக்குவது?

கறுப்புக் கட்டைகளைப் பாருங்கள். இரண்டு சேர்ந்து, மூன்று சேர்ந்து, இரண்டு சேர்ந்து என்று மாறி மாறி வரும். முதல் நாள் வெள்ளையைத் தொடவே வேண்டாம். மூன்று சேர்ந்த இடத்தில் இடது ஓரக் கறுப்பிலிருந்து ஆரம்பித்து, வலப்பக்கமாக அந்த மூன்று, அடுத்த இரண்டு, மறுபடி மூன்றில் முதலாவது என்று கறுப்பை மட்டும் வாசியுங்கள். ச ரி க ப த ச வந்துவிடும். அதுதான் மோகன ராகம். அந்தக் கறுப்புகளுக்குள் எப்படி மாற்றி வாசித்தாலும் காதுக்கு உறுத்தாது. நம் உறுப்பினர் முதல் ராத்திரி ஒரு மணி நேரம் இதையே வாசித்தாராம். "தப்பே வரலையே மேடம்" என்று போனில் சொன்னார்.

அடுத்து வெள்ளை. இரண்டு கறுப்பு சேர்ந்த இடத்துக்கு இடப்பக்கம் ஒட்டியிருக்கும் வெள்ளைதான் முதல் கட்டை. பாடுகிறவர்கள் "ஒரு கட்டை, அஞ்சு கட்டை" என்று சுருதி சொல்வார்களே, அது இதை எண்ணித்தான். வெள்ளையில் ஒன்று, இரண்டு என்று ஏழு வரை. நடுவில் வரும் கறுப்பு ஒண்ணரை, ரெண்டரை. ஆண்கள் பலர் ஒரு கட்டை, ஒண்ணரைக் கட்டையில் பாடுவார்கள். நமக்குப் பெரும்பாலும் ஐந்து கட்டையை ஒட்டி வரும். அதனால் முதல் கட்டையில் வாசித்துக்கொண்டே கூடப் பாடினால் தொண்டை ஒத்துழைக்காது. நம் குரல்தான் சரியில்லை என்று விட்டுவிடாதீர்கள். பெட்டியில் டிரான்ஸ்போஸ் என்று ஒரு வசதி உண்டு. அதை மைனஸ் ஐந்தில் வைத்தால், முதல் கட்டையை அமுக்கும்போது ஐந்து கட்டைச் சத்தம் வரும். விரல் அதே இடத்தில் இருக்கும், சுருதி நம் குரலுக்கு வந்துவிடும்.

வலது கைக் கட்டைவிரலை ச-வில் வையுங்கள். ச ரி க மூன்றும் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். பிறகு கட்டைவிரலை உள்ளங்கைக்கு அடியில் நுழைத்து ம-வில் வைத்தால், மிச்ச விரல்கள் ப த நி ச வரை போகும். இந்த நுழைப்பு பழக எங்களுக்கே இரண்டு வாரம் ஆயிற்று. பாட்டு வகுப்பில் முதலில் சொல்லித்தரும் சரளி வரிசை மாயாமாளவகௌளை ராகத்தில் இருக்கும். அதற்கு ரி-யும் த-வும் மட்டும் கறுப்பு: ச-வுக்கு வலப்பக்கம் ஒட்டிய கறுப்பு, ப-வுக்கு வலப்பக்கம் ஒட்டிய கறுப்பு.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறோம். குரலில் வரும் குழைவு கட்டையில் வராது. அமுக்கினால் ஒரே சத்தம்தான். ஆர்மோனியத்தில் இந்தக் குறையைச் சொல்லித்தான் அகில இந்திய வானொலி 1940-லிருந்து 1971 வரை அதை ஒதுக்கி வைத்தது. அதற்காகக் கூத்து நின்றா போனது?

செல்போனில் பாடம் பார்த்துப் பழகலாம். ஆனால் தெரியாத பாட்டை எடுக்காதீர்கள். நடவு நட்டபோது பாடியது, கும்மி அடித்தபோது பாடியது, பிள்ளையைத் தூங்க வைத்தது என்று உங்கள் வாயில் ஏற்கனவே இருக்கிற பாட்டில் முதல் வரியை எடுத்து, கட்டையில் தேடுங்கள். கண்டுபிடிக்க மூன்று நாள் ஆகலாம். தினமும் இருபது நிமிஷம் போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் முதுகு வலிதான் மிச்சம்.

நம் உறுப்பினர் ஏழு தவணை கட்டிவிட்டார். தாலாட்டு ஒன்று முழுசாக வருகிறது, இடது கை இன்னும் சண்டை போடுகிறது. பாப்பாவும் வாசிக்கிறாள், அம்மா முடித்த பிறகு. அடுத்த கூட்டத்துக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அரை மணி முன்னாடி வந்தால் நீங்களும் தொட்டுப் பார்க்கலாம். பேட்டரி நாங்கள் வாங்கி வருகிறோம்.