எல்லை கடக்கும் பை

இடமாற்ற ஆணை வந்த வீட்டில் பெட்டிகளுக்கு இடம் உண்டு, பைகளுக்குத்தான் இடமில்லை. சமையலறைக் கதவின் பின்னே ஆணியில் தொங்கும் அவற்றைப் பாருங்கள். யாரோ ஒருவர் திருமணத்தில் தேங்காயும் வெற்றிலையும் இட்டுத் தந்த மஞ்சப்பை, அரிசி வந்த சணல் சாக்கு, ஊரிலிருந்து பாட்டி கொடுத்தனுப்பிய பனையோலைக் கொட்டான், நிறம் வெளுத்த காய்கறிப் பை. “இவற்றை எதற்குச் சுமப்பது? போகும் இடத்தில் புதிதாக வாங்கிக்கொள்ளலாம்” என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. இங்கிருந்து சென்னைக்குச் செல்வோரும் சொல்வர். சிங்கப்பூருக்கோ சிட்னிக்கோ குடிபெயர்வோரும் சொல்வர். அந்தச் சொல் சரிதானா என்று ஆராய்வதே இப்பாடம்.

மூட்டை கட்டுவது தமிழருக்குப் புதிதன்று. நம் தீவுக்கூட்டத்திலேயே சான்று உண்டு. 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30 அன்று இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, இலங்கையின் மலைத்தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த தமிழர் பல்லாயிரவர் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினர். அவர்களுள் சில குடும்பங்கள் நிக்கோபாரின் கச்சால் தீவில், ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. அவர்தம் முன்னோர் தமிழகத்திலிருந்து இலங்கைக்கு ஒருமுறை மூட்டை கட்டினர். இவர்கள் இலங்கையிலிருந்து தமிழகத்திற்கு ஒருமுறையும், அங்கிருந்து இத்தீவுக்கு மீண்டும் ஒருமுறையும் கட்டினர். எதை எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது என்னும் கேள்வி அவர்களுக்கு எவ்வளவு கடினமாக இருந்திருக்கும்!

இனி ஒரு கணக்கு. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் கடைப்பைகளைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டது. பருத்தி விளைவித்து, நூற்று, நெய்து, தைப்பதற்குச் செலவாகும் ஆற்றல் மிகுதி. ஆகவே புவி வெப்பமாதலை மட்டும் கருதினால், ஒரு முறை பயன்படுத்தி எறியப்படும் மெல்லிய நெகிழிப் பையை விட ஒரு பருத்திப் பை மேலானதாக, அதை 131 முறை பயன்படுத்த வேண்டும் என்று அவ்வாய்வு கூறியது. வாரம் ஒருமுறை சந்தைக்குச் செல்லும் வீட்டில் 131 முறை என்பது ஏறத்தாழ இரண்டரை ஆண்டு. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஊர் மாறும் குடும்பம், போகும் ஊரிலெல்லாம் புதுத் துணிப்பை வாங்கிப் பழையதை எறிந்தால், அந்தக் கடன் தீரும் வேளையில் மீண்டும் புதுக் கடன் வாங்குகிறது என்று பொருள். நல்ல துணிப்பை என்பது கடையில் கிடைக்கும் புதிய பையன்று; உங்கள் வீட்டு ஆணியில் ஏற்கெனவே தொங்கும் பையே.

அந்தக் கணக்கில் கடல் சேரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெரிய நிக்கோபாரின் கலத்தியா விரிகுடாவில் முட்டையிட வரும் தோல்முதுகு ஆமையின் முதன்மை உணவு இழுதுமீன். நீரில் மிதக்கும் மெல்லிய நெகிழிப் பையும் அதன் கண்ணுக்கு இழுதுமீன் போலவே தோன்றும். விழுங்கிய பை குடலை அடைக்கும். தீவில் வாழ்பவருக்கு இது தொலைதூரச் செய்தியன்று.

ஆகவே பழைய பையை எடுத்துச் செல்வதே சரி. ஆனால் நாட்டின் எல்லையில் ஒருவர் நிற்கிறாரே, அவர் விடுவாரா?

அவரும் பழைய ஆள்தான். காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் மலைபோல் குவிந்த மூட்டைகளின் மீது சோழரின் புலி முத்திரையைப் பொறித்து வெளியே விட்ட அலுவலரைப் பற்றிப் பட்டினப்பாலை பேசுகிறது. அன்று அவ்வரிக்கு உல்கு என்று பெயர். பின்னர் சுங்கம் என்றாயிற்று. 1070இல் அரியணை ஏறிய முதற் குலோத்துங்கன் அதனை நீக்கியதால் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ எனப் பெயர் பெற்றான். வரியை நீக்கிய மன்னனை மக்கள் மறப்பதில்லை!

இன்றைய சுங்க அலுவலருக்கு உங்கள் பழைய துணிப்பையில் ஆர்வமில்லை. குடிபெயர்வோர் தாம் பயன்படுத்திவரும் வீட்டுப் பொருள்களைக் கொண்டு செல்வதற்குப் பெரும்பாலான நாடுகள் சலுகை அளிக்கின்றன. மடித்து வைத்த பத்துத் துணிப்பைகளை எவரும் கேள்வி கேட்பதில்லை. ஒரே அச்சும் ஒரே அளவுமாக, உறை பிரிக்காத ஐந்நூறு பைகள் பெட்டியில் இருந்தால் அவை வணிகச் சரக்காகத் தோன்றும். அப்போது கேள்வி எழும். இவ்வளவே.

அவருக்கு அடுத்து நிற்கும் தாவரத் தொற்றுத்தடுப்பு அலுவலரே நாம் அறிய வேண்டியவர். அவர் பார்ப்பது பையை அன்று, பையின் தையலை. சணல் சாக்கின் மடிப்பினுள் ஓர் உயிர் ஒளிந்திருக்கலாம். அதன் பெயர் கப்ரா வண்டு. எள்ளளவே இருக்கும் இவ்வண்டின் மயிரடர்ந்த புழு, சேமித்த கோதுமையையும் அரிசியையும் தின்று மாவாக்கும். உணவு கிடைக்காவிட்டால் சாக்கின் தையலிலோ சுவரின் வெடிப்பிலோ புகுந்து, தின்னாமலே பல மாதங்கள், சில வேளைகளில் ஆண்டுக்கணக்காகவும், உறங்கிக் கிடக்கும். அரிசி தீர்ந்து வெறுமையாய்க் கிடக்கும் சாக்கு நமக்கு வெறும் சாக்கு, அதற்கோ வீடு. நம் நாட்டில் பழகிப்போன இவ்வண்டு 1953இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கண்டறியப்பட்டது. அங்குத் தானியக் கிடங்குகளை முழுக் கட்டடமாகவே தார்ப்பாயால் போர்த்து, உள்ளே நச்சுப் புகை செலுத்திப் பல்லாண்டு போராடியே ஒழித்தார்கள். இவ்வண்டு வாழும் நாடுகளிலிருந்து வரும், ஏற்கெனவே பயன்படுத்திய சணல் சாக்குகளை அந்நாடு இன்றும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்திருப்பது இதனால்தான். எனவே சாக்கை இங்கேயே யாருக்கேனும் கொடுத்துவிடுங்கள்.

ஓலைக்கொட்டான் செய்தி வேறு. ஆஸ்திரேலியாவுக்குள் நுழைவோர் விதை, மரம், ஓலை, வைக்கோல் ஆகியவற்றால் ஆன பொருள்களை அங்குத் தரப்படும் படிவத்தில் மறைக்காமல் அறிவிக்க வேண்டும். அறிவித்தால் அலுவலர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். தூய்மையாகவும் பூச்சியற்றும் இருந்தால் பெரும்பாலும் கையில் தந்துவிடுவார். மறைத்துப் பிடிபட்டால் அபராதம். பாட்டி முடைந்த கொட்டானை இழப்பதை விட, ஒரு கட்டத்தில் ‘ஆம்’ என்று குறிப்பது எளிதன்றோ? துணிப்பையிலும் கவனம் தேவை. அதன் மூலைகளில் கொத்தமல்லி விதையும் வெந்தயமும் மண்ணும் தங்கியிருக்கும். பையை உள்புறம் வெளிப்புறமாகத் திருப்பி உதறி, துவைத்து, வெயிலில் காயவைத்து மடித்தால் போதும்.

சில நாடுகளின் எல்லையில் நிலைமை தலைகீழ். துணிப்பைக்கு வழி விடுவர். நெகிழிப் பையைப் பறிப்பர். ருவாண்டா 2008 முதல் நெகிழிப் பைகளைத் தடை செய்துள்ளது; கிகாலி விமான நிலையத்தில் பயணிகளிடமிருந்து அவை வாங்கிக்கொள்ளப்படுகின்றன. கென்யாவின் தடை 2017 ஆகஸ்டு 28 அன்று நடைமுறைக்கு வந்தது. மீறினால் 40 இலட்சம் கென்ய ஷில்லிங் வரை அபராதமோ நான்கு ஆண்டு வரை சிறையோ விதிக்கலாம் எனச் சட்டம் கூறுகிறது. தான்சானியாவில் 2019 ஜூன் முதல் நாளில் தடை தொடங்கியபோது, கொண்டுவந்த பைகளைப் பயணிகள் ஒப்படைக்க நுழைவிடங்களில் தனி மேசையே போடப்பட்டது. ஊறுகாய்ப் புட்டியை ஒரு நெகிழிப் பையில் இட்டு, அதை இன்னொன்றில் இட்டு, மேலும் ஒன்றால் முடிச்சிடும் நம் வீட்டு வழக்கம் நைரோபியில் செல்லாது.

தமிழ்நாட்டிலும் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகை நெகிழிப் பொருள்கள் 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து தடை செய்யப்பட்டன. 2021 டிசம்பர் 23 அன்று ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. சென்னைக் கோயம்பேடு சந்தையில் பத்து ரூபாய் நாணயம் இட்டால் மஞ்சப்பை தரும் பொறியை நிறுவினார்கள். ஒரு காலத்தில் மஞ்சப்பையோடு பேருந்திலிருந்து இறங்குபவரைப் பட்டிக்காட்டார் என்று நகரத்தார் நகைத்ததுண்டு. நகைத்தவர்களே இன்று நாணயம் போட்டு அதனை வாங்குகிறார்கள் என்பதில் எனக்குச் சிறு மகிழ்ச்சி.

சொல்லைப் பற்றியும் ஒரு குறிப்பு: மஞ்சள் + பை என்பது மஞ்சள் பை என இயல்பாகவும் நிற்கும், ளகரம் டகரமாகி மஞ்சட்பை எனவும் ஆகும். இரண்டும் இலக்கணம் ஏற்பவை. மஞ்சப்பை என்பது பேச்சு வழக்கு. ஆயினும் அரசின் இயக்கமே அவ்வழக்கைப் பெயராகக் கொண்டுவிட்டது.

இறுதியாக, நம் தீவின் எல்லை. இங்கிருந்து சென்னைக்குச் செல்ல 1,300 கிலோமீட்டருக்கும் மேல் கடல் கடக்க வேண்டுமெனினும், உள்நாட்டுப் பயணமாதலால் சுங்கம் இல்லை. சோதனை உண்டு. பவளப்பாறைகளும் சிலவகைச் சங்கு, சிப்பிகளும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுபவை. கரையில் வெளுத்துக் கிடக்கும் பவளத் துண்டாயினும் எடுத்துச் செல்வது குற்றம். விமான நிலையக் கதிர்க்கருவி துணிப்பையையும் ஊடுருவிப் பார்க்கும். நினைவுக்காகத் தம்பி தங்கையர் பையடியில் என்ன போட்டிருக்கிறார்கள் என்பதைப் புறப்படும் முன் ஒருமுறை கவிழ்த்துப் பார்ப்பது பெரியவர்களுக்கு நல்லது.

சொற்பொருள்: உல்கு – சுங்க வரி, கொட்டான் – ஓலையால் முடைந்த சிறுகூடை, இழுதுமீன் – கூழ் போன்ற உடலுடைய கடலுயிர், முடைதல் – பின்னுதல்.

பயிற்சி

1. வெறும் சணல் சாக்கு அமெரிக்காவில் ஏன் ஐயத்துடன் பார்க்கப்படுகிறது? ஐந்து வரிகளில் எழுதுக.

2. நாள்தோறும் ஒருமுறை கடைக்குச் செல்லும் வீட்டில் 131 முறை என்பது எத்தனை மாதம் ஆகும்? கணக்கிடுக.

3. முள் + செடி, நாள் + குறிப்பு: சேர்த்து எழுதுக.

4. உங்கள் குடும்பம் இத்தீவுக்கு வந்தபோது எடுத்துவந்த பொருள்களுள் இன்றும் வீட்டில் இருப்பவை எவை? பெற்றோரிடம் கேட்டு ஒரு பத்தி எழுதுக.

5. வீட்டிலுள்ள பைகளை உள்புறம் திருப்பி உதறி, விழுந்தவற்றின் பெயர்களை எழுதுக. அவற்றுள் சிட்னி விமான நிலையத்தில் அறிவிக்க வேண்டியவற்றை அடிக்கோடிடுக.