தூத்துக்குடித் துறையில் கற்ற பாடம்

கல்விச் சுற்றுலா என்பது கூரையில்லாத வகுப்பறை. ஏட்டிலே படித்ததை அங்கே நாட்டிலே காண்கிறோம். நாளுக்கோர் ஊராக ஓடி, கோயில்களையும் கோட்டைகளையும் எண்ணிக்கொண்டு திரும்புவதினும், ஓர் ஊரில் நான்கு நாள் தங்கி அதனை முறையாகக் கற்பதே மிக்க பயன் தரும் என்பது எங்கள் பேராசிரியரின் கருத்து. அதன்படி டிசம்பர் விடுமுறையில் எங்கள் மாணவர் குழு தூத்துக்குடிக்குச் சென்றது. அங்கே கண்டவற்றையும் கற்றவற்றையும் சங்க அன்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மும்பைத் தமிழர்க்குத் தூத்துக்குடி அயலூர் அன்று. தாராவித் தமிழர் பலரின் முன்னோர் பழைய திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிழைப்பு நாடி வந்தவர்கள். 1986-இல் தனி மாவட்டமாகப் பிரியும்வரை தூத்துக்குடியும் அம்மாவட்டத்தைச் சேர்ந்ததே. எங்கள் குழுவில் தாராவி மாணவர் பாதிப்பேர். மாதுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் வந்தோர் மீதிப்பேர். சிலருக்கு அது பாட்டன் ஊர். சிலருக்கு வரைபடத்தில் மட்டும் கண்ட ஊர். இருசாராரும் ஒரே கேள்வியோடு புறப்பட்டோம்: ஒரு துறைமுகம் எதனால் வாழ்கிறது? எதனால் தாழ்கிறது?

முதல்நாள், நகரை விட்டு ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தெற்கேயுள்ள கொற்கைக்குச் சென்றோம். பாண்டியரின் பழந்துறைமுகம் அது. முத்துக்குப் பெயர்பெற்ற அவ்வூரைக் கிரேக்க மாலுமியர் கொல்கை எனக் குறித்துள்ளனர். இன்று அங்கே வாழைத் தோட்டங்களும் வயல்களுமே உள்ளன; கடலைக் காணோம். தாமிரபரணி ஆறு ஆண்டுதோறும் கொண்டுவந்து சேர்த்த வண்டல், கடலைக் கிழக்கே தள்ளிவிட்டது. அக்கசாலை விநாயகர் கோயில் மட்டும், நாணயம் அடித்த பழைய அக்கசாலையைத் தன் பெயரில் தாங்கி நிற்கிறது. கால்டுவெல் பாதிரியார் 1876-இல் இங்கே அகழ்ந்து பார்த்தார். தமிழகத் தொல்லியல் துறையினர் 1968-லும் பின்னர் 2021-லும் அகழ்ந்தனர். ஆறு தந்த துறைமுகத்தை ஆறே தூர்த்துவிட்டது என்பது நாங்கள் கற்ற முதற்பாடம்.

மறுநாள் நகரைக் கண்டோம். கொற்கையும் அதன்பின் காயலும் மங்கிய பிறகு தூத்துக்குடி ஓங்கியது. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வந்தனர். பரதவர் அக்காலத்தில் கிறித்தவம் தழுவினர். 1542-இல் பிரான்சிஸ் சேவியர் இக்கரைக்கு வந்தார். 1658-இல் ஒல்லாந்தர் ஊரைக் கைப்பற்றினர். 1825-இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில், 1713-இல், எழுந்த பனிமய மாதா ஆலயம் இன்றும் நகரின் நடுநாயகமாக விளங்குகிறது. அந்நியர் ஒவ்வொருவரும் இக்கரையை நாடி வந்ததற்குக் காரணம் முத்தும் சங்குமாகும். முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. இன்று நகரைச் சுற்றி வெண்மணற் குன்றுபோல் தோன்றுவன யாவும் உப்புக் குவியல்களே. வெயிலையும் கடல்நீரையும் முதலாகக் கொண்டு நடக்கும் அத்தொழிலில், கண் கூசும் வெண்மையின் நடுவே வெறுங்காலோடு உழைக்கும் பெண்களைக் கண்டபோது, நம் வீட்டு உப்பின் விலை பற்றி எவரும் பேசவில்லை.

மூன்றாம் நாள் துறைமுகங்களைப் பார்த்தோம். தூத்துக்குடியில் துறைமுகங்கள் இரண்டு. பழைய துறைமுகத்தில் கடல் ஆழமில்லாதது. அக்காலத்துப் பெரிய நீராவிக் கப்பல்கள் கரையை அணுக இயலாமல் தொலைவிலேயே நங்கூரம் இட்டன. ஆட்களையும் சரக்கையும் படகுகளும் தோணிகளும் சுமந்து சென்று ஏற்றின. தோணி கட்டும் தச்சர் திறமை இன்றும் அழிந்துவிடவில்லை. மாலத்தீவுக்குச் சரக்கேற்றிச் செல்லும் தோணிகளை நாங்களே கண்டோம். ஆழ்கடல் துறைமுகப் பணி 1964-இல் தொடங்கியது. 1974 ஜூலை 11-ஆம் நாள் அது இந்தியாவின் பத்தாவது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 2011-இல் அதற்கு வ.உ. சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டது. ஆழமில்லாத துறை எத்துணைப் புகழுடையதாயினும் பெருங்கப்பலைத் தாங்காது என்பது இரண்டாம் பாடம்.

இனி மூன்றாம் பாடத்துக்கு வருகிறேன். அதுவே தலையாயது. துறையில் ஆழம் இருக்கலாம். கரையில் சரக்கும் இருக்கலாம். கப்பல் யாருடையது?

1876-இல் தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை வந்தது. அதன்பின் இலங்கைக்குச் செல்லும் வணிகரும் தோட்டத் தொழிலாளரும் இரயிலில் வந்திறங்கி, இங்கிருந்தே கொழும்புக்குக் கப்பல் ஏறினர். அப்பயணம் முழுவதும் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் கையில் இருந்தது. ஏறுபவர் நம்மவர்; ஏற்றப்படும் பொருள் நம்முடையது; ஆதாயம் மட்டும் வேற்றவருடையது. இந்நிலையை மாற்ற ஒட்டப்பிடாரத்து வழக்கறிஞர் வ.உ. சிதம்பரம் பிள்ளை முனைந்தார். 1906 அக்டோபர் 16-இல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் பத்து இலட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவர்.

முதலில் கப்பல்களை வாடகைக்கே அமர்த்தினார்கள். எதிர்க்கம்பெனியின் நெருக்குதலால் அக்கப்பல்கள் கிடைக்காமற் போயின. சொந்தக் கப்பல் இன்றிச் சுதேசிக் கம்பெனி நிலைக்காது என உணர்ந்த சிதம்பரனார், கப்பல் தேடி நம் பம்பாய்க்கு வந்தார். கப்பலோடு திரும்புவேன், இன்றேல் திரும்பேன் என்ற உறுதியோடு அவர் புறப்பட்டதாகக் கூறுவர். 1907-இல் 'காலியா', 'லாவோ' என்னும் இரு கப்பல்கள் கம்பெனிக்குக் கிடைத்தன. அவர் கப்பல் தேடி அலைந்த ஊரில்தான் நாம் நாள்தோறும் புறநகர் இரயில் பிடித்துக் கல்லூரிக்குப் போய்வருகிறோம்.

பின்னர் நடந்தது கட்டணப் போர். வெள்ளையர் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறங்கியது. இலவசமாக ஏற்றிக்கொண்டு, கூடவே ஒரு குடையும் கொடுக்கிறோம் என்று மற்றவர் அழைத்ததாக வரலாறு எழுதியோர் கூறுவர். அந்நேரத்தில் 1908 பிப்ரவரி 27-இல் கோரல் ஆலைத் தொழிலாளர் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றனர். தொழிலாளர் வென்றனர். மார்ச் 12-இல் தலைவர்கள் சிறைப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். ஜூலை 7-இல் சிதம்பரனாருக்கு இரட்டைத் தீவாந்தர தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது குறைந்தது. எனினும் 1912 இறுதிவரை அவர் சிறையிலேயே இருந்தார். தலைவனை இழந்த கம்பெனி 1911-இல் கலைக்கப்பட்டது. 'காலியா' எதிரியான கம்பெனிக்கே விற்கப்பட்டது.

அன்று மாலை கடற்கரையில் எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் எழுந்தது. வணிகவியல் பயிலும் தம்பி ஒருவன் கேட்டான்: "ஐந்தாண்டும் முழுதாக நிலைக்காத கம்பெனியை ஏன் அண்ணே இவ்வளவு புகழ்கிறோம்? பங்கு வாங்கினவன் பணம் போனது போனதுதானே?"

கேள்வி நேர்மையானது, புகழுரையால் மறைக்கத் தக்கதன்று. பல நாள் நட்டத்தைத் தாங்கும் இருப்புப் பணம் சுதேசிக் கம்பெனியிடம் இல்லை. ஒரு மனிதரின் ஊக்கமே அதன் பெருமுதலாக இருந்தது. அவர் சிறை சென்றதும் பங்குதாரர் மனம் தளர்ந்தனர். வணிகத்தில் இவை பெருங்குறைகள். ஆயினும் எதிரி செய்ததையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பெரும்பை உடையவன் தான் நட்டப்பட்டு, சிறுபை உடையவனை வீழ்த்துகிறான். வீழ்ந்தபின் விலையைத் தன் விருப்பம்போல் வைத்துக்கொள்ளலாம். இத்தகைய போரில் திறமை மட்டும் வெல்லாது. அரசு யார் பக்கம் என்பதும் முடிவைத் தீர்மானிக்கிறது. அன்றைய அரசு யார் பக்கம் நின்றது என்பதைச் சிறைக்கதவு சொல்லும்.

வென்றவரின் வெற்றியும் நெடுநாள் நிலைக்கவில்லை. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் இலங்கைப் பயணிகள் தனுஷ்கோடி வழிக்கு மாறினர். 1964-ஆம் ஆண்டுப் புயலில் தனுஷ்கோடியும் அழிந்தது. ஆனால் சிதம்பரனார் எழுப்பிய கேள்வி அழியவில்லை. 1919-இல் பம்பாயிலே சிந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி தோன்றியது. அதன் 'லாயல்டி' கப்பல் ஏப்ரல் 5-ஆம் நாள் இலண்டனுக்குப் புறப்பட்டது. அந்நாளே இன்று தேசியக் கடல்சார் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அக்கம்பெனியும் அதே கட்டணப் போரைச் சந்தித்தது. 1923-இல் எதிரியோடு கட்டுப்பாடுகள் மிக்க ஓர் உடன்படிக்கைக்கு இசைந்தே பிழைத்தது. விடுதலைக்குப் பின், 1950-களின் தொடக்கத்தில், கரையோரக் கப்பல் வாணிகம் இந்தியக் கப்பல்களுக்கென ஒதுக்கப்பட்டது. தூத்துக்குடியில் 25 ரூபாய் கொடுத்துப் பங்கு வாங்கியவன் தன் பணத்தை இழந்தான் என்பது உண்மை. அவன் கேட்ட உரிமை நாட்டுக்குக் கிடைத்தது என்பதும் உண்மை. கணக்கேட்டில் இரண்டையும் எழுதுதல் முறை. தம்பியும் இதனை ஒப்புக்கொண்டான். ஆனால் முதல் வரியை அழிக்கக் கூடாது என்றான். அவன் சொன்னதும் சரியே.

மும்பை மாணவர் கருத வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. சிதம்பரனார் தீர்ப்புக் கேட்ட பதினைந்தாம் நாள், 1908 ஜூலை 22-இல், அவர் தலைவராகப் போற்றிய திலகருக்குப் பம்பாய் உயர்நீதிமன்றம் ஆறாண்டு தண்டனை விதித்தது. ஆண்டுக்கு ஒருநாளாக ஆறு நாள் பம்பாய் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஒரே ஆண்டில், மேற்குக் கரையிலும் கிழக்குக் கரையிலும், பஞ்சாலைத் தொழிலாளரே முன்வந்து நின்றனர். அந்நீதிமன்றத்தில் திலகரை நினைவுகூரும் கல்வெட்டு உண்டு. அது நம் ஊரிலேயே இருக்கிறது. அதைக் காண இரயிற் கட்டணம் மிகுதியில்லை.

அடுத்த ஆண்டு சுற்றுலா செல்லும் நண்பர்களுக்குச் சில சொற்கள். புறப்படுமுன் அவ்வூர் வரலாற்றை ஒருவர்க்கு ஒரு பகுதியாகப் பிரித்துப் படியுங்கள். துறைமுக நகரமாயின் மூன்று கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள்: கடல் எங்கே இருந்தது, ஆழம் எவ்வளவு, கப்பல் யாருடையது? உப்பளத்திலும் தோணித்துறையிலும் உழைப்பவரிடம் பணிவோடு பேசுங்கள். ஏட்டில் இல்லாத செய்திகள் அவர்களிடம் உண்டு. ஒவ்வொரு நாளும் இரவில் கண்டதை எழுதி, ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்துங்கள். பதினைந்து பக்கக் குறிப்பேடு ஒன்று நிறைந்து திரும்பினால், அச்சுற்றுலா கல்விச் சுற்றுலா என்னும் பெயருக்கு உரியதாகும்.