பந்தயக் குதிரையும் சவுக்கடியின் கணக்கும்

குதிரைப் பந்தயத்தில் ஜாக்கியின் கையிலுள்ள சவுக்கு இரண்டு காரியங்களுக்குப் பயன்படுகிறது. பக்கவாட்டில் விலகும் குதிரையை நேர்வழியில் நிறுத்தி, தனக்கும் பிறருக்கும் விபத்து நேராமல் காத்துக்கொள்வது ஒன்று. ஓட்டத்தின் இறுதியில் மேலும் விரைந்தோடத் தூண்டும் பொருட்டு அடிப்பது மற்றொன்று. முன்னதைப் பற்றிப் பெரும் விவாதம் எங்கும் இல்லை. பின்னதைக் குறித்தே பல நாடுகளின் பந்தய ஆணையங்கள் விதிகள் வகுத்து, அவற்றை மீறும் ஜாக்கிகளைத் தண்டித்து வருகின்றன. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தண்டனைகள் வழங்கப்பட்டும் மீறல்கள் ஓயவில்லை. அதன் காரணத்தை ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கம். பந்தயத் திடலைக் கண்டிராத கள ஊழியருக்கும் ஆசிரியருக்கும் இது தொலைவிலுள்ள செய்தியன்று. பாரவண்டி மாட்டின் முன்னும் ஜட்காக் குதிரையின் முன்னும் இதே வினா நிற்கிறது.

முதலில் ஓடும் குதிரையின் உடலில் நிகழ்வதைக் கவனிப்போம். ஓய்வாக நிற்கும் குதிரையின் இதயம் நிமிடத்திற்கு 30 முதல் 40 தடவை துடிக்கிறது. முழுவேகப் பாய்ச்சலில் அது 220-ஐயும் எட்டும். மண்ணீரலில் சேமிக்கப்பட்டிருக்கும் சிவப்பணுக்கள் இரத்தத்தில் செலுத்தப்படுவதால், பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றல் பெருகுகிறது. மூச்சோ கால்களின் தாளத்திற்குக் கட்டுப்பட்டது; ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு. நாலுகால் பாய்ச்சலில் ஓடும் குதிரை தன் விருப்பப்படி கூடுதலாக மூச்சு வாங்கிக்கொள்ள இயலாது. வாயால் மூச்சு விடவும் அதற்கு வழியில்லை. இத்தனை ஏற்பாடுகள் இருந்தும் ஓட்டத்தின் இறுதிக் கட்டத்தில் தசைகளின் தேவைக்கேற்ற பிராணவாயு கிடைப்பதில்லை. பிராணவாயுவின் துணையின்றி ஆற்றல் உண்டாக்கும் முறையைத் தசைகள் பெரிதும் நாடுகின்றன. அதனால் தசைகளில் அமிலத்தன்மை மிகுந்து, அவை சுருங்கும் வேகமும் வலிமையும் குறைகின்றன. இதுவே களைப்பு. இது சோம்பலன்று, தசையின் நிலை. அடி குதிரையை அச்சுறுத்தலாம். தசையில் தீர்ந்துபோனதை நிரப்ப அதனால் ஆகாது.

ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2011-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதனை அளந்து காட்டியது. பந்தயத்தின் கடைசி 600 மீட்டர் தூரத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் குதிரைகளின் வேகத்தையும், பின்னிரு பகுதிகளில் விழுந்த அடிகளையும் அவர்கள் கணக்கிட்டனர். குதிரைகள் சராசரியாக மிகுந்த வேகம் காட்டியது சவுக்கு ஓங்கப்படாத முதற்பகுதியிலேயாம். அடிகள் மிகுந்த பின்னிரு பகுதிகளிலோ அவை ஏற்கெனவே களைத்திருந்தன. அடியின் மிகுதிக்கும் வெற்றிக்கும் உறுதியான தொடர்பு எதுவும் அவ்வாராய்ச்சியில் புலப்படவில்லை. முன்னணியில் வரும் குதிரைகளே அதிகமாக அடிபட்டன என்பதும் அதில் தெரிந்தது. அடித்ததால் முன்னே வந்தது என்று பார்வையாளர் நினைக்கின்றனர். முன்னே வந்ததால் அடிபட்டது என்பதே உண்மைக்கு நெருங்கியது. காரணத்தையும் காரியத்தையும் இடம் மாற்றிக்கொள்ளும் இப்பிழையை வகுப்பில் விளக்க இதைக் காட்டிலும் நல்ல எடுத்துக்காட்டு அரிது.

விலங்குகளைப் பழக்கும் முறை பற்றிய அறிவும் இங்குத் துணை செய்கிறது. சவாரிக்குப் பழக்கப்படும் குதிரையின் விலாவைச் சவாரிக்காரர் காலால் அழுத்துகிறார். குதிரை முன்னே நகர்ந்ததும் அழுத்தத்தை நீக்குகிறார். அந்த நீக்கமே குதிரை பெறும் பரிசு. தான் செய்தது சரி என்று அதனாலேயே அது கற்றுக்கொள்கிறது. பந்தயத்தின் முடிவில் நடப்பது என்ன? அடிபட்ட குதிரை வேகத்தைக் கூட்டினாலும் மறு அடி விழுகிறது, கூட்டாவிட்டாலும் விழுகிறது. தான் எதைச் செய்தால் அடி நிற்கும் என்று அறிய அதற்கு வழியே இல்லை. ஆகவேதான் பல நாட்டு விதிகள், ஓர் அடிக்குப் பின் குதிரை பதில் காட்ட அவகாசம் தரவேண்டும் என வற்புறுத்துகின்றன. ஒரு சிறு கணக்கும் செய்து பார்க்கலாம். கடைசி 200 மீட்டரைக் கடக்கப் பந்தயக் குதிரைக்கு ஏறத்தாழ 12 விநாடி ஆகும். அதற்குள் அது சுமார் 28 பாய்ச்சல்கள் எடுக்கும். பாய்ச்சலுக்கு ஓர் அடியென ஓங்கும் ஜாக்கி, 12 விநாடிக்குள் 28 அடி அடித்தவராவார்.

குதிரையின் தோல் தடித்தது, அதற்கு அவ்வளவாக வலிக்காது என்பது பழைய அபிப்பிராயம். விலாவில் ஓர் ஈ அமர்ந்ததும் அவ்விடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து விரட்டும் பிராணியைப் பற்றி இவ்வாறு கூறுவது விந்தையே. 2020-இல் வெளியான ஒரு திசு ஆராய்ச்சியில், மனிதரின் தோலும் குதிரையின் பின்புறத் தோலும் நுண்நோக்காடியில் ஒப்பிடப்பட்டன. மேற்றோலிலுள்ள வலியுணர் நரம்பு முனைகளின் அடர்த்தியில் கருதத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. குதிரைத்தோல் மொத்தத்தில் தடித்ததே. ஆயினும் அத்தடிப்பு நரம்பு முனைகளுக்கு அடியிலுள்ள படலத்தைச் சார்ந்தது. எனவே அது கவசமாகாது. அடித்த இடத்தில் தடிப்பு எழவில்லை என்பதாலும் வலியில்லை என்று முடிவு செய்யலாகாது. அடர்ந்த உரோமமும் கருநிறத் தோலும் அடையாளத்தை மறைக்கும். கொடிய விலங்குகளுக்கு இரையாகும் இனமாதலால் குதிரை தன் வலியை எளிதில் வெளிக்காட்டுவதுமில்லை.

இனி விதிகளுக்கு வருவோம். பிரிட்டனில் 2011 அக்டோபரில் புதிய விதி நடைமுறைக்கு வந்தது. சமதளப் பந்தயத்தில் 7 அடி, தடை தாண்டும் பந்தயத்தில் 8 அடி என வரம்பு வகுக்கப்பட்டது. சமதளப் பந்தயத்தின் கடைசிப் பர்லாங்கில் 5 அடிக்கு மேல் கூடாது என்ற உள்வரம்பும் இருந்தது. அந்த மாதமே அஸ்காட் மைதானத்தில் சாம்பியன் ஸ்டேக்ஸ் பந்தயத்தை ‘சிர்ரஸ் தெஸ் ஏகிள்’ என்ற குதிரையில் வென்ற கிறிஸ்டோஃப் சுமியோன், கடைசிப் பர்லாங்கில் ஓர் அடி மிகையாக அடித்தார். அவருக்கு 5 நாள் தடை விதிக்கப்பட்டதோடு, 50,000 பவுனுக்கு மேற்பட்ட அவருடைய பங்கும் பறிக்கப்பட்டது. ஜாக்கிகள் வேலை நிறுத்தம் செய்வோம் எனக் கிளர்ந்தெழுந்தனர். சில நாட்களுக்குள் ஆணையம் அந்தப் பர்லாங்கு வரம்பைக் கைவிட்டது.

ஜாக்கிகளின் குறையில் நியாயம் இல்லாமலில்லை. மெல்லத் தட்டிய ஆறாவது அடியும் பலங்கொண்டு ஓங்கிய மூன்றாவது அடியும் கணக்கில் ஒன்றே ஆகின்றன. மேலும், குதிரைக்கு இயன்ற மிகச் சிறந்த இடத்தைப் பெற முயலாத ஜாக்கியும் விதிப்படி குற்றவாளியே. குறைத்து ஓட்டினால் மோசடி, மிகுத்து ஓட்டினால் கொடுமை என்ற இரு சுவர்களுக்கிடையே அவர் ஓட்ட வேண்டியிருக்கிறது. எனினும் எண்ணிக்கையைக் கைவிடுவது நல்வழியன்று என்பது எமது கருத்து. எண்ணிக்கை வலியின் அளவன்று என்பது மெய்தான். ஆனால் விசாரணையில் சாட்சியமாக நிற்கக்கூடியது அது ஒன்றே. ‘கடுமையாக அடித்தார்’ என்பதை ஒருவர் மறுக்கலாம். ‘பதினொரு முறை அடித்தார்’ என்பதைப் படச்சுருளுக்கு முன் மறுக்க முடியாது.

அந்தக் கண்காணிப்பிலும் ஓட்டை உண்டு. முன்னே குறிப்பிட்ட சிட்னி விஞ்ஞானிகள் 2012-இல் 15 பந்தயங்களின் முடிவுகளை அதிவேகப் படங்களில் ஒவ்வொரு சட்டமாக ஆராய்ந்தனர். 9 குதிரைகளின் மேல் 28 விதிமீறல்கள் தென்பட்டன. விழுந்த அடிகளுள் 83 சதவிகிதம் தோலில் கண்ணுக்குத் தெரியும் குழிவை உண்டாக்கின. சவுக்கின் முனையில் மெத்தை வைத்திருந்தும், 64 சதவிகித அடிகளில் மெத்தையற்ற பகுதியும் உடலில் பட்டது. ஸ்டீவர்டுகள் எனப்படும் பந்தய மேற்பார்வையாளர்கள் வெறுங்கண்ணால் கண்டு தீர்ப்பளிப்பது எத்துணைக் கடினம் என்பது இதனால் விளங்கும்.

தண்டனை ஏன் பயன் தருவதில்லை என்ற மூல வினாவிற்கு 2020-ஆம் ஆண்டு மெல்போர்ன் கோப்பைப் பந்தயம் விடை கூறுகிறது. ஆஸ்திரேலிய விதிப்படி, முடிவுக்கு 100 மீட்டர் இருக்கும் வரையில் 5 அடிகளே அனுமதிக்கப்பட்டிருந்தன. இரண்டாவதாக வந்த ‘டைகர் மாத்’ என்ற குதிரையின் ஜாக்கி அதற்குள் 13 அடி அடித்தார். 50,000 ஆஸ்திரேலிய டாலர் அபராதமும், 13 பந்தய நாட்களுக்குத் தடையும் அவருக்கு விதிக்கப்பட்டன. தண்டனை கடுமையானதே. ஆனால் குதிரையின் இரண்டாம் இடம் அப்படியே இருந்தது. உரிமையாளரின் பரிசும் பயிற்சியாளரின் பங்கும் குறையவில்லை. அடியால் ஆதாயம் உண்டென்று நம்புவோர் பலர். தண்டனையைச் சுமப்பவர் ஒருவர். அந்த ஒருவரும் பெரும் பந்தயத்தில் வென்றுவிட்டுச் சில வாரம் வீட்டிலிருப்பதை நட்டமாகக் கருதமாட்டார். அடுத்த பெரும் பந்தயத்திற்கு உரிமையாளர் அவரையே அழைப்பார் என்பது அவருக்குத் தெரியும்.

இம்முடிச்சை அவிழ்க்கும் முயற்சி பிரிட்டனில் 2023-இல் நடந்தது. வரம்பு சமதளப் பந்தயத்தில் 6 ஆகவும், தடை தாண்டும் பந்தயத்தில் 7 ஆகவும் குறைக்கப்பட்டது. வரம்பிற்கு மேல் 4 அடியோ அதற்கதிகமோ அடித்தால், குதிரையே பந்தயத் தகுதியை இழக்கும் என்பது புதிய ஏற்பாடு. அவ்வாண்டு பிப்ரவரியில் கார்லைல் மைதானத்தில் முதலாவதாக வந்த ‘லூனார் டிஸ்கவரி’ என்ற குதிரை, 11 அடி பட்டதற்காக வெற்றியை இழந்தது. உரிமையாளரின் பரிசும் அதனுடன் போயிற்று. ஜாக்கியிடம் ‘எப்படியாவது வென்று வா’ என்று சொல்லி அனுப்பும் வழக்கத்திற்கு முதன் முறையாக ஒரு விலை ஏற்பட்டது. பணயம் கட்டியோரை மட்டும் இது தொடவில்லை. விசாரணை சில நாட்கள் கழித்தே நடைபெறுவதால், பந்தய நாளன்று வென்றதாக அறிவிக்கப்பட்ட குதிரையின்மேல் கட்டிய பணம் வென்றதாகவே கொள்ளப்பட்டது.

அமெரிக்காவில் 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சிச் சட்ட விதிகளும் 6 அடி என்ற வரம்பையே வகுத்தன. நார்வே நாடு இவ்வாறெல்லாம் எண்ணிக்கொண்டிராமல், விரைவைத் தூண்டுவதற்காக அடிப்பதை 1982-லேயே விலக்கிவிட்டது. அங்குப் பந்தயங்கள் நின்றுவிடவில்லை. சவுக்கு இன்றேல் ஒழுங்கு கெடும், விபத்து மிகும் என்ற வாதமும் சோதிக்கப்பட்டது. பிரிட்டனில் பயிற்சி நிலை ஜாக்கிகளுக்காக, சவுக்கால் அடிக்காமல் கைகளாலும் குதிகால்களாலும் மட்டுமே ஓட்டும் பந்தயங்கள் நடத்தப்படுகின்றன. அவற்றையும் சாதாரணப் பந்தயங்களையும் சேர்த்து 126 பந்தயங்களின் அறிக்கைகளை ஒப்பிட்ட ஆராய்ச்சி 2020-இல் வெளிவந்தது. நேர்வழி விலகுவதிலோ, பிற குதிரைகளுக்கு இடையூறு நேர்வதிலோ, ஓடி முடித்த நேரத்திலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு ஏதும் அதில் காணப்படவில்லை.

நமது நாட்டிலும் பந்தயக் கழகங்களின் ஸ்டீவர்டுகளே ஜாக்கிகளை விசாரிக்கின்றனர். அதற்கு அப்பால் பொதுச் சட்டமும் உண்டு. 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு, தேவையற்ற வலி உண்டாகும்படி ஒரு பிராணியை அடிப்பதையும், அளவுக்கு மீறி ஓட்டுவதையும் குற்றமாக்குகிறது. ‘தேவையற்ற’ என்ற சொல்லே அப்பிரிவின் உயிர்நாடி. அடியால் வேகம் கூடுவதில்லையெனில் அவ்வலி எதற்குத் தேவைப்பட்டது என்ற வினா எழுகிறது. ஆயினும் முதற்குற்றத்திற்கு இச்சட்டம் வகுத்த அபராதம் 50 ரூபாய்க்கு மேற்படாதது. ஒரு நடை அதிக பாரம் ஏற்றினால் கிடைக்கும் கூலியே இதனினும் பெரிது. மெல்போர்னில் கண்ட அதே கணக்கு இங்கும் நிற்கிறது. ஓட்டுபவர் தண்டிக்கப்படுகிறார், பாரத்தை ஏற்றச் சொன்னவரைக் கேட்பாரில்லை.

கள ஊழியர்களின் கைக்கு நெருக்கமானவை, வண்டியிழுக்கும் பிராணிகளுக்கும் பொதி சுமப்பவற்றுக்கும் உரிய 1965-ஆம் ஆண்டு விதிகள். நாளொன்றுக்கு 9 மணிக்கு மேலாகவோ, இடையில் ஓய்வின்றித் தொடர்ந்து 5 மணிக்கு மேலாகவோ வேலை வாங்கக் கூடாது. வெப்பம் 37 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்படும் இடங்களில் நண்பகல் 12 முதல் 3 மணி வரை பூட்டலாகாது. முள் பதித்த தார்க்குச்சி விலக்கப்பட்டுள்ளது. இவை யாவும் எண்ணியும் அளந்தும் கண்டும் மெய்ப்பிக்கத் தக்கவை. புகாரை விசாரிக்கச் செல்லும் ஊழியர் ‘மாடு கொடுமையாக அடிக்கப்பட்டது’ என்று எழுதி நிறுத்திவிடுதல் போதாது. கண்ட நேரம், வெப்ப அளவு, பாரத்தின் எடை, பூட்டப்பட்ட பிராணிகளின் எண்ணிக்கை, உடலில் அடையாளம் இருக்கும் இடம், அதன் நீளம், குச்சியின் முனை ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். வண்டியோட்டியின் பெயருடன், பாரம் யாருடையது, வண்டி யாருடையது என்பதையும் அந்தத் தாளிலேயே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.