நாற்பது கிலோமீட்டர் குளிர்

டில்லி ஜங்புராவில் தமிழர்கள் குடியிருந்த மதராசி கேம்ப்பில் இருந்தவரை எங்கள் பைக்குகளுக்குக் குளிர்காலம் என்று தனியாக ஒன்று இருந்ததில்லை. பாராபுல்லா நாலாவை ஒட்டிய சந்துகள். கையை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் தட்டும். இரவில் வண்டியை உருட்டிக்கொண்டு போய் வாசலில் சாத்திவிட்டால், காற்றும் படாது, பனியும் இறங்காது. எங்களில் பெரும்பாலோருக்கு வேலை ஜங்புரா, போகல், லாஜ்பத் நகர், டிஃபன்ஸ் காலனி என்று பக்கத்திலேயே. இஞ்சின் சூடாவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுவோம். 2021 ஜனவரி 1 அன்று சஃப்தர்ஜங்கில் 1.1 டிகிரி என்று டிவியில் சொன்னபோதுகூட, வண்டியைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாக நினைவில்லை.

2025 ஜூன் 1 அன்று உயர் நீதிமன்ற உத்தரவின்படி கேம்ப்பை இடித்தார்கள். சுமார் 370 வீடுகள். மாற்று வீட்டுப் பட்டியலில் பெயர் வந்தவர்களுக்கு நகரின் வடகோடியில் நரேலாவில் அடுக்குமாடி வீடு. வராதவர்கள் அவரவர் பாட்டைப் பார்த்துக்கொண்டார்கள். அந்த நியாய அநியாயத்தை இங்கே எடுக்கப்போவதில்லை. எங்கள் வீட்டைப் பொறுத்தவரை, வேலை ஜங்புராவிலேயே தங்கிவிட்டது, படுக்கை மட்டும் நரேலாவுக்குப் போய்விட்டது. நடுவில் 40 கிலோமீட்டர். ரிட்டாலாவிலிருந்து நரேலா வழியாகக் குண்ட்லி வரை மெட்ரோவை நீட்ட 2024 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கிறது. தூண் எழும்பி, ரயில் ஓடும்வரை எனக்கும் என் மனைவிக்கும் இந்த ஸ்ப்ளெண்டர் பைக்தான். பி.எஸ். 4 புகை விதிக் காலத்துக் கார்புரேட்டர் வண்டி. இந்தக் குளிரில் அதை ஓட்டித் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். நரேலாவுக்கு வந்த நம்மாட்களில் பலர் இதே சாலையில்தான் போகிறார்கள்.

முதலில் கணக்கு. போக வர 80. வாரம் ஆறு நாள் என்றால் 480 கிலோமீட்டர். செயினுக்கு 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் போடச் சொல்வார்கள். கேம்ப்பில் இருந்தபோது அது எப்போதாவது ஞாபகம் வரும்போது செய்கிற வேலை. இப்போது ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் செய்தாக வேண்டும். இஞ்சின் ஆயில், ஏர் ஃபில்டர், பிரேக் ஷூ எல்லாமே இப்படித்தான். மாதக் கணக்கை மறந்துவிட்டு மீட்டரைப் பார்க்கப் பழகுங்கள். வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கிற கிலோமீட்டர் எல்லாம் நீங்கள் நினைப்பதைவிடச் சீக்கிரம் வந்துவிடும்.

செயினுக்கு எண்ணெயைக் காலையில் போடாதீர்கள். இரவு வந்து நிறுத்தியதும், செயின் சூடாக இருக்கும்போது பழைய துணியால் புழுதியை வழித்துவிட்டு, 90 கியர் ஆயிலை உள்பக்கமாகச் சொட்டுச் சொட்டாக விட்டால் இரவு முழுக்க இணைப்புகளுக்குள் இறங்கும். காலையில் போட்டால் கிளம்பிய வேகத்தில் பாதி பேன்ட்டில்தான் தெறிக்கும். டில்லிக் குளிரில் பனி ஈரமும் புழுதியும் சேர்ந்து செயினில் அரைத்துக்கொண்டே இருக்கும். வாரம் ஒருமுறை துடைக்காவிட்டால் ஸ்பிராக்கெட் பல் கூர்மையாகிவிடும்.

நரேலாவில் வண்டி கீழே திறந்தவெளியில் நிற்கிறது, நாம் மேலே மாடியில். காலையில் சீட் நனைந்து, டேங்க் முழுக்க முத்து முத்தாகப் பனி. சாவியைத் திருகி செல்ஃபை அமுக்கினால் 'டொக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். குளிரில் பேட்டரி தரும் சக்தி குறைந்துவிடும். கெட்டியான ஆயிலைச் சுற்ற இஞ்சின் கேட்கும் சக்தியோ கூடும். அதனால்தான் போகலில் எனக்கு வழக்கமாக வேலை பார்க்கும் மிஸ்திரி, “முதல்ல ஆயிலை எழுப்பு, அப்புறம் இஞ்சினை எழுப்பு” என்று இந்தியில் சொல்லிக்கொண்டே இருப்பார். சாவியைப் போடாமல் கிக்கரை மூன்று நான்கு முறை மெதுவாக மிதியுங்கள். பிறகு சோக்கை இழுத்து, சாவியைப் போட்டு, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் ஒரே உதை. பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். ஒரு நிமிடத்தில் சோக்கைக் கீழே தள்ளிவிட வேண்டும். அதை மறந்து முக்கால்வாசி தூரம் ஓட்டிவிட்டு, வண்டி இழுக்கவில்லை, பெட்ரோல் குடிக்கிறது என்று மெக்கானிக்கிடம் போகிறவர்கள் உண்டு.

பெட்ரோல் வாடை அடித்தால் வழிந்துவிட்டது என்று அர்த்தம். சோக்கைக் கீழே தள்ளி, ஆக்ஸிலேட்டரை முழுசாக முறுக்கிப் பிடித்துக்கொண்டு நாலைந்து உதை; காற்று உள்ளே போய்ப் பிளக் காயும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டிகளில் பெரும்பாலும் இந்த வித்தைக்கெல்லாம் வேலை இல்லை. சாவியைப் போட்டதும் டேங்க் பக்கம் ஒரு ரீங்காரம் வரும். அது அடங்கியபின் செல்ஃபை அமுக்கினால் போதும். ஐந்து விநாடிக்கு மேல் அமுக்கிப் பிடிக்காதீர்கள். பத்து விநாடி விட்டு மறுபடி முயலுங்கள்.

பிடித்துக்கொண்டதும் வர்ர் வர்ர் என்று முறுக்கிச் சூடாக்குகிற பழக்கம் நம் பசங்களிடம் நிறைய. ஆயில் மேலே ஏறுவதற்குள் அப்படிச் செய்தால் தேய்மானம்தான். அரை நிமிடமோ ஒரு நிமிடமோ ஐட்லிங்கில் விட்டு, முதல் இரண்டு கிலோமீட்டரை நிதானமாக ஓட்டினால் அதுவே சூடாகும். சைலென்சரிலிருந்து வெள்ளைப் புகை வந்து தண்ணீர் சொட்டினால் பயப்பட வேண்டாம், நீராவிதான். சூடான பிறகும் நீலமாகப் புகை வந்தால்தான் ஆயில் எரிகிறது என்று பொருள். ஒரு விஷயத்தில் நீண்ட தூரம் நல்லது: தினம் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடுகிற வண்டியில் அந்த ஈரம் வெளியேறாமல் சைலென்சரை உள்ளிருந்தே துருவாக்கும். நரேலாவிலிருந்து வருகிற வண்டிக்கு அந்த வியாதி வராது. வண்டிக்கு நல்லது, ஓட்டுகிறவனுக்குத்தான் முதுகு போகிறது.

பெட்ரோல் டேங்க்கைப் பாதியில் விட்டு வைக்காதீர்கள். காலி இடத்தில் இருக்கிற காற்றின் ஈரம் இரவில் உள்சுவரில் தண்ணீராகப் படியும். இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். தண்ணீர் கூடிப்போனால் எத்தனாலும் தண்ணீருமாகச் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும், கார்புரேட்டருக்கு முதலில் போவதும் அதுதான். எத்தனால் குளிரில் எளிதில் ஆவியாகாது என்பதால் காலை ஸ்டார்ட்டிங் மோசமாவதற்கும் அதில் பங்கு உண்டு. சம்பள வாரத்தில் மட்டும் டேங்க் நிரப்புவது என்ற நம் வழக்கத்தை மாற்றி, பணத்தைப் பிரித்து இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை போட்டு, டேங்க்கைப் பாதிக்குக் கீழே இறங்கவிடாமல் வைத்திருக்கிறேன்.

டயரைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் அதுதான் ஆளைக் கவிழ்ப்பது. வெப்பநிலை ஐந்தரை டிகிரி இறங்கினால் டயர் காற்று ஏறக்குறைய ஒரு பி.எஸ்.ஐ. இறங்கும். அக்டோபரில் 30 டிகிரியில் ஏர் பிடித்த டயர், ஜனவரிக் காலையில் 6, 7 டிகிரியில் நாலு பாயிண்ட் குறைந்து நிற்கும், பஞ்சர் ஏதும் இல்லாமலே. ஸ்ப்ளெண்டருக்கு முன்னால் 25, தனியாகப் போனால் பின்னால் 28, இருவர் போனால் பின்னால் 40 என்பது கணக்கு. கிளம்பும் முன், டயர் சில்லென்று இருக்கும்போதே பாருங்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பங்க்கில் பார்த்தால் சூட்டில் அளவு கூடுதலாகக் காட்டி ஏமாற்றும்.

இனி கை. குளிரில் ஓட்டுகிறவனுக்கு இஞ்சினைவிட விரல்தான் முக்கியம் என்பது என் தீர்மானமான கருத்து. 5 டிகிரியில் 40 வேகத்தில் போனாலே தோலில் படுவது பூஜ்யத்துக்கும் கீழே இருக்கிற குளிர். 60-இல் போனால் மைனஸ் 2 போல. அலிப்பூர் தாண்டுவதற்குள் விரல் நுனி மரத்து, பிரேக் லீவரைப் பிடித்திருக்கிறோமா என்பதே தெரியாமல் போகும். கம்பளி கிளவுஸ் மட்டும் போட்டால் காற்று நேராக உள்ளே புகும். பாத்திரம் தேய்க்கிற மெல்லிய ரப்பர் கையுறையைக் கம்பளிக்கு மேலே ஒரு அளவு பெரியதாகப் போட்டுப் பாருங்கள். பார்க்கக் கோமாளித்தனமாக இருக்கும், ரிங் ரோட்டில் யாரும் நம்மைப் பார்த்து ரசிக்கப்போவதில்லை. ஹேண்டிலில் மாட்டுகிற பஞ்சு கவர்களைப் பலர் வாங்குகிறார்கள். சூடு நன்றாகவே இருக்கும். ஆனால் ஹாரன், இண்டிகேட்டர் ஸ்விட்சைத் தேடி விரல் உள்ளே தடவும், அவசரத்தில் கை வெளியே வராது. ஜங்ஷன் நிறைந்த சாலைக்கு அது வேண்டாம். சிக்னலில் இஞ்சின்மேல் கையை வைத்துச் சூடேற்றுகிறவர்கள் நைலான் கிளவுஸ் போட்டிருந்தால் சைலென்சர் பக்கம் போகாதீர்கள், உருகி ஒட்டிக்கொள்ளும்.

நெஞ்சுக்கு, ஸ்வெட்டருக்கும் ஜாக்கெட்டுக்கும் நடுவே நியூஸ்பேப்பர் இரண்டு மடிப்பு. அதற்குமேல் மழைக்கோட்டு. நூறு ஸ்வெட்டர் செய்யாததை ஒரு பிளாஸ்டிக் மழைக்கோட்டு செய்யும், காற்றை நிறுத்துகிறது என்பதால். ஊரில் விழுப்புரம் பக்கம் மார்கழிப் பனிக்கே குல்லா மாட்டுகிற உறவுக்காரர்களிடம் இதைச் சொன்னால், டிசம்பரில் எதற்கு மழைக்கோட்டு என்று சிரிக்கிறார்கள்.

பின்னால் உட்கார்ந்திருப்பவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓட்டுகிறவன் முதுகு அவருக்கு மறைப்பு என்று நினைப்போம். முழங்காலும் பாதமும் வெளியே நீட்டியே இருக்கும். “ஏங்க, கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க, கால் இருக்கா இல்லையான்னே தெரியல” என்று மனைவி முதுகைத் தட்டினால் நான் உடனே நிறுத்திவிடுவேன். ஒரு டீ, இரண்டு நிமிட நடை. மரத்த காலோடு இறங்கினால் விழுந்துவிடுவார்கள். இதைவிட முக்கியம் சால்வை. குளிருக்குப் போர்த்திய சால்வையின் ஒரு முனை காற்றில் பறந்து பின்சக்கரத்திலோ செயினிலோ சுற்றினால் ஆளையே இழுத்துவிடும். சால்வையை முதலில் போர்த்தி, அதற்குமேல் ஜாக்கெட்டைப் போட்டு ஜிப்பை இழுத்துவிட வேண்டும். புடவைத் தலைப்புக்கும் துப்பட்டாவுக்கும் இதே விதிதான்.

மூடுபனி வேறு கதை. காற்றில்லாத, மேகமில்லாத இரவில் தரை சூட்டை இழந்து, ஈரக்காற்று குளிர்ந்து நுண்துளிகளாகத் தரையோடு நிற்பதுதான் இது. தண்ணீர் பாய்ச்சிய கோதுமை வயல்கள் பக்கம் அதனால்தான் கனமாக இருக்கும். நரேலாவைச் சுற்றி வயல். ஜங்புராவில் எதிர்வீடு தெரிகிற அதே காலையில் இங்கே முன்சக்கரம் தெரியாது. பெரும்பாலும் சூரியன் கிளம்புகிற நேரத்தில்தான் உச்சம். 50 மீட்டருக்குக் கீழே பார்வை போனால் வானிலை மையம் அதை மிக அடர்ந்த மூடுபனி என்கிறது. அந்த 50 மீட்டரை வைத்துக் கணக்குப் போடுங்கள். ஈரச் சாலையில் 60-இல் போகிறவன் பார்த்து, யோசித்து, பிரேக் பிடித்து நிற்க 45 மீட்டர் ஆகும். அதுவும் விரல் ஒழுங்காக வேலை செய்தால். 40-இல் என்றால் 25 மீட்டருக்குள் நிற்கலாம். எனக்கு 40 கூட அந்தப் பனியில் அதிகம்.

லைட்டை டிப்பில் வையுங்கள். பிரைட் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். முன்னால் போகிற பஸ்ஸின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு போ என்று சிலர் சொல்வார்கள். பஸ் எதிலாவது மோதினால் நாமும் அதில்தான் போய் மோதுவோம். நான் சாலையின் இடது விளிம்புக் கோட்டைப் பார்த்து ஓட்டுவேன், ஆனால் அதன்மேலேயே ஒட்டி ஓட்டமாட்டேன். ஜி.டி. கர்னால் சாலையில் அந்த ஓரத்தில்தான் பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிராலிகளும், ஆசாத்பூர் மண்டிக்கு வந்து காத்திருக்கிற லாரிகளும் நிற்கும். வழியில் நிற்க வேண்டியிருந்தால் தார்ச்சாலையை விட்டு முழுசாக இறங்கி, ஆளும் வண்டியைவிட்டுத் தள்ளி நில்லுங்கள். வெளிச்சம் பட்டால் மின்னும் சிவப்பு ஸ்டிக்கரை மட்கார்டிலும், பின்னால் உட்காருபவரின் ஹெல்மெட்டிலும் ஒட்டுவதற்குச் சில பத்து ரூபாய்தான் செலவு.

மஜ்னு கா டிலாவிலிருந்து சராய் காலே கான் வரை யமுனை பக்கமாகப் போகிற ரிங் ரோட்டில் மறுபடி பனி பிடிக்கும். அங்கே மேம்பாலங்களின் இரும்பு இணைப்புப் பட்டை, ஜீப்ரா கிராசிங்கின் வெள்ளைப் பெயின்ட், சாக்கடை மூடி மூன்றும் பனியில் வழுக்கும். அவற்றின்மேல் பிரேக்கும் வேண்டாம், சாய்க்கவும் வேண்டாம்.

வைசருக்கு உள்ளே மூச்சு படிந்து மங்குவதற்கு, ஒரு சொட்டுப் பாத்திர சோப்பைத் தடவி, தண்ணீர் விடாமல் மென்மையான துணியால் காயத் துடைத்துவிடுங்கள். ஒன்றிரண்டு நாள் தாங்கும். டில்லிப் புகைக்கு மாஸ்க் போடாமல் இருக்க முடியாது. மூக்குக் கம்பியை அழுத்தி விட்டு, வைசரை ஒரு விரல் திறந்து வைத்தால் மூச்சு கண்ணுக்கு ஏறாது.

இதையெல்லாம்விட எங்களுக்கு உதவியது ஒரு பேச்சுவார்த்தை. மனைவி வேலை செய்கிற வீடுகளில், ஜனவரி முடியும்வரை ஏழு மணிக்குப் பதில் ஒன்பதரைக்கு வருகிறேன், சாயங்காலம் கூடுதலாக இருக்கிறேன் என்று கேட்டார். ஒரு வீட்டில் முடியாது என்றார்கள், அந்த வேலை போயிற்று. மற்ற வீடுகளில் சரி என்றார்கள். கேட்பதற்கு ஏற்ற நேரம் தீபாவளி முடிந்த கையோடு. பனி விழ ஆரம்பித்த பிறகு கேட்டால் சாக்குச் சொல்வதாக நினைப்பார்கள்.

கையில் காசு குறைவாக இருந்தால் செலவை இந்த வரிசையில் செய்யுங்கள்: முதலில் வழுக்கையான டயரை மாற்றுங்கள், அடுத்து கிளவுஸும் மழைக்கோட்டும், அதற்கப்புறம் பிரேக் ஷூவும் கிளட்ச் கேபிளும், கடைசியில் பேட்டரி. கிக்கர் இருக்கிற வண்டியில் பேட்டரி மார்ச் வரை காத்திருக்கும். பி.யு.சி. என்கிற புகைச் சோதனைச் சான்றிதழின் தேதியையும் நவம்பரிலேயே பார்த்துவிடுங்கள். பி.எஸ். 4, பி.எஸ். 6 வண்டிகளுக்கு அது ஒரு வருடம் செல்லும். காற்று மோசமாகிற மாதங்களில்தான் சோதனையும் கெடுபிடியும் கூடும், சான்றிதழ் எடுக்கிற இடத்தில் வரிசையும் அப்போதுதான் நீளும்.