கடன் தள்ளுபடியா, கணக்கு மாற்றமா?

"வங்கி நம் கடனை ரைட் ஆஃப் செய்துவிட்டது, இனி நமக்குப் பொறுப்பில்லை" என்று நிம்மதியாகச் சொல்லும் சகோதரர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். உலக நடப்பின்படியும் மார்க்கத்தின்படியும் இது தவறான எண்ணமாகும்.

நீண்ட காலம் வராத கடனை வங்கி தன் சொத்துக் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறது. வசூலிக்கும் உரிமையை விட்டுவிடுவதில்லை. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் சிபில் போன்ற நிறுவனங்களின் ஏட்டில் அச்செய்தி ஏறுகிறது. 300 முதல் 900 வரை இடப்படும் மதிப்பெண் சரிகிறது. இத்தகவலைக் குறைந்தது ஏழாண்டுகள் அந்நிறுவனங்கள் வைத்திருக்க வேண்டும். மகளின் கல்விக் கடனுக்குத் தகப்பனார் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திடப் போகும்போது இந்தப் பழைய பதிவு குறுக்கே வந்து நிற்கும். ஜாமீன் போட்டவரின் ஏட்டையும் அது விடுவதில்லை.

வேறொரு பதிவும் உண்டு. பேசித் தீர்த்து, ஒரு பகுதியைக் கட்டி, மீதியை வங்கி விட்டுக்கொடுத்தால் 'செட்டில்டு' என்று எழுதுவார்கள். முழுவதும் கட்டினால்தான் 'குளோஸ்டு'. முன்னதைக் கண்டால் அடுத்துக் கடன் கொடுப்பவர் தயங்குவார்.

இனி மார்க்கத்தைப் பார்ப்போம். கடன் கொடுத்தவர் தமது ஹக்கை விட்டுக்கொடுப்பதை ஃபிக்ஹு நூல்கள் 'இப்ரா' என்கின்றன. செட்டில்டு ஆன கடனில் அவ்வாறு விடப்பட்ட தொகை நீங்கிவிடும். வசதியிருந்தும் ஏழையைப் போல் நடித்துப் பெற்ற சலுகை இதில் சேராது. ரைட் ஆஃபிலோ இப்ராவே இல்லை. கடன் கழுத்தில் அப்படியே கிடக்கிறது.

"அது வட்டிக் கடன்தானே, ஏன் கட்ட வேண்டும்?" என்று கேட்போரும் உண்டு. வட்டி ஹராம் என்பதில் நமக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆனால் அசல் கொடுத்தவருக்கே உரியது என்பதை அல்பகரா அத்தியாயத்தின் 279-ஆம் வசனம் தெளிவாக்குகிறது. வட்டியைச் சாக்குச் சொல்லி அசலை விழுங்குவது எந்த மார்க்கம்? கையில் வசதியிருந்தும் தவணை சொல்லி இழுத்தடிப்பதை அநீதி என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். உண்மையிலேயே சிரமத்திலிருப்பவருக்கு அவகாசம் தர வேண்டும் என்பது அடுத்த வசனத்தின் கட்டளை.

மூன்று தீனார் கடனை விட்டுச் சென்ற ஒருவரின் ஜனாஸாவை நபியவர்கள் தாமே தொழ வைக்காமல், தோழர்களைத் தொழச் சொன்னார்கள். அபூகதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் ஏற்ற பிறகே தொழ வைத்தார்கள். புகாரியில் வரும் செய்தி இது. ஜாமீன் கையெழுத்தை வெறும் சம்பிரதாயம் என நினைப்பவர்கள் இதைச் சற்றுச் சிந்திக்கட்டும்.

இந்தியாவில் இத்தகைய நிறுவனங்கள் நான்கு. ஒவ்வொன்றும் ஆண்டுக்கொரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். வாங்கிப் பாருங்கள். கட்டி முடித்த கடன் நிலுவையாகக் காட்டப்பட்டிருந்தால் ரசீதோடு புகார் எழுதுங்கள். 30 நாட்களில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு என்ற விதி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்திருக்கிறது.