உறைபனிக் காலத்தில் பரீட்சைப் பிள்ளைகள்: நானுஓயா இல்லங்களுக்கு ஆலோசனை

தை, மாசி மாதங்களில் நுவரெலியாவின் உயர்ந்த பகுதிகளில் இரவு வானம் தெளிந்து, விடியற்பொழுதில் உறைபனி விழுந்து, தேயிலைக் கொழுந்து கருகுவதுண்டு. கொழுந்து குறையும்போது வருமானமும் குறைவதால், நானுஓயாவைச் சூழ்ந்த தோட்டங்களின் லயன் வீடுகளில் பணமுடை தலைகாட்டுகிறது. க.பொ.த. பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளை பாடச்சுமையோடு இந்தக் கவலையையும் வாய்திறவாமல் சுமப்பதை, பெற்றோரும் ஆசிரியரும் இப்போதே கவனிக்க வேண்டும்.

தாங்கும் ஆற்றலை மிஞ்சிய சுமையைக் கண்டு உடலும் மனமும் காட்டும் எதிர்வினையே உளநெருக்கீடு எனப்படும். ஓரளவு பதற்றம் படிப்புக்கு உந்துதலாகும். ஆயினும் அடிக்கடி தலையிடி, வயிற்றுவலி, உறக்கமின்மை, வினாத்தாளைக் கண்டதும் நெஞ்சு படபடப்பு ஆகியன தொடர்ந்தால், அவற்றைச் சோம்பலென்றோ சாக்கென்றோ தள்ளிவிடுவது பெருந்தவறு. இரண்டு வாரங்களுக்கு மேலாக எதிலும் நாட்டமின்றி, நம்பிக்கையிழந்து பிள்ளை ஒதுங்கியிருப்பின் அது மனச்சோர்வாக இருக்கக்கூடும் என்பதால், மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

ஒரே காம்பராவில் சமையலும் உறக்கமும் தொலைக்காட்சியும் நடக்கும் வீட்டில், பிள்ளைக்கு "மனதைத் தைரியமாக வைத்துக்கொள்" என்று சொல்வதைவிட, மாலையில் இரண்டு மணிநேரம் தொலைக்காட்சியை அணைத்து, தண்ணீர் எடுப்பது, தம்பி தங்கையரைப் பார்ப்பது போன்ற வேலைகளைப் பரீட்சை முடியும்வரை மற்றவர்கள் பகிர்ந்துகொள்வதே மெய்யான உதவி. குறிப்பாகப் பெண்பிள்ளைகளின் தோளிலேயே இவ்வேலைகள் விழுவதால், மாற்றம் அங்கிருந்து தொடங்குவது நியாயம். விடியற்காலை நான்கு மணிக்குக் குளிரில் எழுப்பிப் படிக்கவைக்கும் வழக்கத்தை இப்பருவத்தில் கைவிடலாம். பதின்ம வயதினருக்கு எட்டு மணிநேர உறக்கமேனும் தேவை. விடுமுறை நாள்களில் பனி விலகி இஸ்தோப்பில் வெயில் விழும் வேளையில் படிப்பது கண்ணுக்கும் கைவிரல்களுக்கும் இதம். குளிர்காய்வதற்காக மூடிய அறையில் கரியையோ விறகையோ எரிப்பது, காபனோரொட்சைட்டு என்னும் மணமற்ற நச்சுவாயுவால் உயிரையே பறிக்கக்கூடும் என்பதால், அதை அறவே தவிர்க்க வேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலால் உயர்தரப் பரீட்சை இடைநடுவே நிறுத்தப்பட்டபோது, மலைநாட்டுப் பிள்ளைகள் மண்சரிவு அச்சத்தையும் பாடங்களையும் ஒருசேரத் தாங்க நேர்ந்தது. அன்று முதல் மழைச்சத்தம் கேட்டாலே சில பிள்ளைகள் விழித்தெழுவார்களாயின், அவர்களைக் கேலி செய்யாமல், அபாய வேளையில் எங்கே செல்வது என்பதைக் குடும்பமாகப் பேசி முடிவுசெய்து, அந்த வழியைப் பகலில் ஒருமுறை நடந்து பார்ப்பது அச்சத்தைத் தணிக்கும்.

பெறுபேறு எதுவாயினும் மீண்டும் தோற்றலாம், தொழிற்பயிற்சிக்கும் செல்லலாம் என்பதைப் பெற்றோர் பரீட்சைக்கு முன்பே தம் வாயால் சொல்லிவிட வேண்டும். வாழ்வே வேண்டாமென்ற பேச்சு பிள்ளையிடமிருந்து எழுந்தால் தனியே விடாது, அருகிலிருந்தபடியே தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் இலக்கத்தை அழைக்கவும்; அது இரவு பகலாக இயங்குகிறது.