பேரரசுகளை அளக்கும் கோல்

ஆலையில் கெஜக்கோலால் துணி அளந்த நாம், நீளம் ஒன்றே தரமன்று, சாயம் நிலைக்கவும் வேண்டும் எனக் கற்றோம். பேரரசுகளையும் அங்ஙனமே அளத்தல் வேண்டும்.

1206-இல் செங்கிஸ்கான் நிறுவிய மங்கோலியப் பேரரசு, தொடர்ந்த நிலப்பரப்பால் வரலாற்றிலேயே பெரியது. ஒரு நூற்றாண்டுக்குள் நான்காகப் பிரிந்தது. 1920 அளவில் உலக நிலத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு பிரிட்டன் வசம் இருந்தது. அரை நூற்றாண்டில் அதன் பெரும்பகுதி கைவிட்டுப் போயிற்று. மேற்கு உரோமப் பேரரசு 476-இல் வீழ்ந்தது; ஆயினும் அதன் சட்டநெறியும் இலத்தீனின் கிளைமொழிகளும் இன்றும் வாழ்கின்றன. ஆற்றல் வேறு, செல்வாக்கு வேறு என்பது இதனால் விளங்கும்.

இனி அசோகரை நோக்குவோம். கலிங்கப் போரில் ஓர் இலட்சம் பேர் மாண்டனர், ஒன்றரை இலட்சம் பேர் நாடுகடத்தப்பட்டனர் என்று பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டில் அவரே பொறித்து வருந்தினார். எனினும் கலிங்கத்தை அவர் திருப்பி அளித்தாரல்லர். அந்நாட்டுத் தௌலியிலும் ஜௌகடாவிலும் அக்கல்வெட்டு இடம்பெறவுமில்லை. நம்மவர் என்பதற்காக இதனை நாம் மறைத்தலாகாது.

அவருக்குப் பின் அரை நூற்றாண்டளவில் மௌரிய அரசு மறைந்தது. அவருடைய சாரநாத்துச் சிங்கங்களோ 1950-இல் இந்தியக் குடியரசின் சின்னமாயின. வாள் பெற்றது போயிற்று. வருந்திய நெஞ்சின் சொல் நின்றது. அச்சொல்லை நம் நடையில் நிறைவேற்றுதலே நமக்குரிய கடன்.